கதாநாயகி சண்டை போடலாமா?

மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் ஒரு புதுக் கதையைப் பற்றியோ படத்தைப் பற்றியோ பேச்சு வந்தால், முதலில் கேட்கப்படும் கேள்வி "குடும்பத்தோடு பார்க்கலாமா?" என்பதுதான். ஆபாசம் இருக்கக் கூடாது. இரட்டை அர்த்தப் பேச்சு கூடாது. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பேத்தி தலையைக் குனிந்துகொள்ளும்படி ஒன்றும் நேர்ந்துவிடக் கூடாது. நியாயமான எதிர்பார்ப்புத்தான். அதை நான் குறை கூறப் போவதில்லை. ஆனால் இந்த ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு கதையைச் சுத்தமானது என்று முத்திரை குத்திவிடலாமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

முக்கியமாக, பழைய ராஜா ராணிக் கதைகளை ஹாஸ்யம் கலந்து புதிதாகச் சொல்லும்போது இந்தச் சந்தேகம் வலுக்கிறது. அந்தக் கதைகளில் ஒரு ராஜகுமாரன் இருப்பான். கர்வம் பிடித்த ஒரு ராஜகுமாரி இருப்பாள். முதல் சந்திப்பிலேயே கீரியும் பாம்பும். அவன் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். இப்படி ஏட்டிக்குப் போட்டியாகப் பேசிப் பேசியே இருவரும் காதலில் விழுந்துவிடுவார்கள். உலகத்தில் இந்தக் கதை இல்லாத பாஷையே இல்லை. எல்லோருக்கும் பிடித்த கதையும் இதுதான். ஆனால் இந்தச் சண்டை எப்படி முடிகிறது, யார் முடித்து வைக்கிறார்கள், அப்போது அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று கவனித்தால்தான் கதையின் சுத்தம் தெரியவரும்.

தமிழ் நாட்டில் இந்தக் கதைக்குப் பெயர் அல்லி. 'அல்லி அரசாணி மாலை' என்ற கதைப்பாடலைப் புகழேந்திப் புலவர் பெயரில் பெரிய எழுத்துப் புத்தகமாகப் பல தலைமுறைகள் படித்திருக்கின்றன. 'நளவெண்பா' பாடிய புகழேந்தி இதைப் பாடியிருக்க முடியாது என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள். யார் பாடினால் என்ன? மதுரையை ஆளுகிறாள் அல்லி. ஆண் வாடை அவளுக்கு ஆகாது. தீர்த்த யாத்திரை வந்த அர்ஜுனன் அவள்மேல் ஆசை கொள்கிறான். நேரில் போய் ஜயிக்க முடியாது என்று தெரிந்ததும் கண்ணன் துணைக்கு வருகிறான். கண்ணன் பாம்பாட்டியாகிறான், அர்ஜுனன் பாம்பாகிறான். பாம்பு அந்தப்புரத்துக்குள் போகிறது. அல்லி தூங்குகிறாள். தூங்குகிறவள் கழுத்தில் அர்ஜுனன் தாலியைக் கட்டிவிடுகிறான்.

கதையில் இந்த இடத்தைக் கேட்டு எத்தனையோ பேர் சிரித்திருப்பார்கள். இதில் ஆபாசமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. தாலி கட்டியாகிவிட்டதால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்கவும் வழியில்லை. பாட்டியும் பேத்தியும் சேர்ந்து கேட்கலாம். ஆனாலும் மனசில் ஒரு முள் தைக்கிறது. விழித்திருக்கும்போது "மாட்டேன்" என்று சொன்ன பெண், தூங்கும்போது "சரி" என்று சொன்னதாக வைத்துக்கொள்கிறார்கள்.

கதை சொன்னவனுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அல்லி எழுந்ததும் அத்தனை ஆத்திரப்பட வேண்டியதில்லை. படை திரட்டிச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அவள் அடங்கிவிட்டாள் என்று பாட்டு முடிந்த பிறகும் அவள் அடங்கவில்லை. 'பவளக்கொடி மாலை'யில் மறுபடி வருகிறாள். அர்ஜுனன் இன்னொருத்தியைத் தேடிப் போனதற்கு மறுபடி சண்டை பிடிக்கிறாள். ஜனங்களும் அவளை அடங்கினவளாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்றால் "அங்கே அல்லி தர்பார்" என்கிறோம். கேலியாகத்தான் சொல்கிறோம், ஆனாலும் தர்பார் அவளுடையது என்பதை ஒப்புக்கொண்டுதான் கேலி செய்கிறோம்.

இனி, இதற்கு நேர் எதிரான ஒரு தூக்கத்தைப் பார்க்கலாம். விஜயா புரொடக்ஷன்ஸாரின் 'மாயா பஜார்' 1957-ல் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தது. எடுத்த இடம் தியாகராய நகருக்கு அடுத்த வடபழனி. டைரக்டர் கே. வி. ரெட்டி, காமிரா மார்க்கஸ் பார்ட்லி, தமிழ் வசனம் தஞ்சை ராமையாதாஸ். நாகி ரெட்டி, சக்கரபாணி என்ற அதே இரட்டையர் 1947-ல் 'அம்புலிமாமா' பத்திரிகையைத் தொடங்கியவர்கள் என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டால், படத்தின் ருசி எங்கிருந்து வந்தது என்று விளங்கும். பாரதக் கதைதான், ஆனால் பாட்டி சொல்லும் பாரதம்.

வியாச பாரதத்தில் பலராமன் மகள் வத்சலா கிடையாது. அங்கே அபிமன்யு மணப்பது உத்தரையை. வத்சலாவைப் படைத்தவர்கள் ஜனங்கள். தமிழ்க் கூத்திலும் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத்திலும் அவளுக்குச் சுந்தரி என்று பெயர். கதையின் முடிச்சோ நம் ஊர்க் கல்யாணங்களில் நாம் அறிந்ததுதான். சிறு வயதிலேயே சுபத்திரையின் மகனுக்கென்று பேசி வைத்த பெண். பாண்டவர்கள் சூதாட்டத்தில் சொத்தை இழந்ததும் பெண்ணின் அம்மாவுக்கு மனசு மாறிவிடுகிறது. வசதியான இடமாக, துரியோதனன் மகன் லட்சுமணகுமாரனுக்குக் கொடுக்கலாம் என்கிறாள். நாத்தனார் ஏழையாகிவிட்டால் சம்பந்தம் கசந்துபோவதற்குத் துவாரகை என்றும் மாம்பலம் என்றும் வித்தியாசம் உண்டா?

கடோத்கசன் வருகிறான். அவனும் ஒரு தூங்கும் பெண்ணைத்தான் கட்டிலோடு தூக்கிப் போகிறான். அல்லிக்கு நேர்ந்ததும் வத்சலாவுக்கு நேர்ந்ததும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் வத்சலா யாரை விரும்புகிறாள் என்பது நமக்குத் தெரியும். விழித்திருந்தபோதே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். தூங்கும்போது அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம் அவள் போக விரும்பிய இடம். அதனால்தான் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு இந்தக் காட்சியைக் கூச்சமில்லாமல் பார்க்க முடிகிறது. படத்தின் சுத்தம் இங்கேதான் இருக்கிறது.

பிறகுதான் படத்தின் உச்சமான வேடிக்கை. கடோத்கசனே வத்சலாவாக உருமாறித் துவாரகையில் உட்கார்ந்துகொள்கிறான். சாவித்திரியின் உடம்பு, உள்ளே அரக்கன். நடையில் ஒரு மிடுக்கு. திரும்புகிறபோது தோளில் ஒரு திமிர். சட்டென்று ஞாபகம் வந்தாற்போல ஒரு நாணம். மாப்பிள்ளை லட்சுமணகுமாரனாகத் தங்கவேலு. மணவறையில் அவர் காலை மிதிப்பதென்ன, மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் விகாரமாக முகத்தை மாற்றிக் காட்டி அவரை அலற வைப்பதென்ன! சாவித்திரி எத்தனையோ படங்களில் நம்மை அழ வைத்தவர். இந்தக் கால் மணி நேரத்தில் அவர் நம்மைச் சிரிக்க வைத்த விதம் அந்த அழுகைகளுக்கெல்லாம் ஈடு கொடுக்கும்.

சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி எழுகிறது. மாப்பிள்ளை காலை மிதிக்க வேண்டிய நியாயமான கோபம் யாருக்கு இருந்தது? வத்சலாவுக்கு. மிதித்தது யார்? கடோத்கசன். நிஜ வத்சலா அழுகிறாள், ஏங்குகிறாள், தூங்குகிறாள். அவள் முகத்தையும் புடைவையையும் வாங்கிக்கொண்டு அவள் சண்டையை ஓர் ஆண்பிள்ளை போடுகிறான். ஒரு நல்ல குடும்பத்துப் பெண் வாய்க்கு வாய் பேச வேண்டுமானால் அவளுக்குள் அரக்கன் புகுந்தால்தான் முடியும் என்று கதை நினைக்கிறது. நாமும் அதற்குத் தலையாட்டி, உள்ளே இருப்பது அரக்கன் என்ற தைரியத்தில், அவள் துடுக்கை ஆசை தீர ரசிக்கிறோம்.

இதைச் சொல்வதால் படத்தின் பெருமையைக் குறைப்பதாக எண்ண வேண்டாம். இந்தப் படத்தில் இன்னொரு பெரிய கருணை இருக்கிறது. அபிமன்யு, லட்சுமணகுமாரன், கடோத்கசன் மூவரும் வியாச பாரதத்தில் குருக்ஷேத்திரத்தில் மடிகிறவர்கள். பதின்மூன்றாம் நாள் லட்சுமணகுமாரனை அபிமன்யு கொல்கிறான். அதே நாள் அபிமன்யுவும் விழுகிறான். மறுநாள் இரவு கடோத்கசன். இந்த மூன்று பிள்ளைகளையும் ஒரு கல்யாண வீட்டில் கொண்டுவந்து நிறுத்தி, ஒருவன் காதலிக்கவும், ஒருவன் அசடு வழியவும், ஒருவன் லட்டுவை வெட்டவும் விட்டிருக்கிறார்கள். முடிவு தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பில் ஒரு கனம் சேரும். ஹாஸ்யத்துக்காகப் பழைய கதையை மாற்றலாமா என்று கேட்கிறவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டியதில்லை.

வெளிநாட்டிலும் இப்படித்தான். தூங்கும் அழகியின் கதையை எல்லோரும் குழந்தைக் கதை என்று நினைக்கிறோம். 1634-ல் அச்சேறத் தொடங்கிய இத்தாலியரான பஸீலேயின் கதைத் தொகுதியில், தூங்கும் அந்தப் பெண்ணிடம் ராஜா நடந்துகொள்ளும் விதம் குழந்தைகளிடம் சொல்லும்படியானதல்ல. 1697-ல் பிரெஞ்சுக்காரரான பெரோ அதே கதையைத் திருப்பிச் சொன்னபோது இரண்டு காரியம் செய்தார். ராஜகுமாரனைக் கட்டிலருகே மண்டியிட மட்டும் விட்டார். அவன் தொடுவதற்குள் அவளை விழிக்கச் செய்தார். விழித்ததும் அவள் வாயில் ஒரு செல்லக் கோபத்தையும் வைத்தார்: இத்தனை காலம் காக்க வைத்ததற்கு ஒரு குத்தல். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1812-ல் கிரிம் சகோதரர்கள் முத்தத்தைச் சேர்த்தார்கள். அதுதான் உலகத்துக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கென்னவோ பெரோதான் கெட்டிக்காரர் என்று தோன்றுகிறது. அழுக்கை நீக்கினதோடு நிற்காமல், பெண்ணுக்கு நாக்கையும் கொடுத்தாரே!

அந்த நாக்கை நம் நாட்டில் தாராளமாகப் பெற்றவள் மங்கம்மா. ஜெமினியின் 'மங்கம்மா சபதம்' 1943-ல் வந்தது. எஸ். எஸ். வாசனின் தயாரிப்பு, டைரக்டர் ஆச்சார்யா, மங்கம்மாவாக வசுந்தரா தேவி, தகப்பன், பிள்ளை இரண்டு வேஷத்திலும் ரஞ்சன். அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று ஸ்டூடியோ இல்லை. மேம்பாலத்துக்கு ஜனங்கள் வழங்கும் பெயரில் மட்டும் ஜெமினி மிஞ்சியிருக்கிறது. ஆனால் மங்கம்மாவின் சபதத்தை யாரும் மறந்துவிடவில்லை.

ராஜகுமாரன் பெண் பித்தன். குடியானவன் மகளான மங்கம்மாவிடம் வாலாட்டுகிறான். அவள் பேச்சில் அடி வாங்குகிறான். "உன்னைக் கல்யாணம் செய்துகொண்டு, வாழாவெட்டியாக அடைத்து வைக்கிறேன் பார்" என்று அவன் கறுவுகிறான். "உனக்கே ஒரு பிள்ளையைப் பெற்று, அவன் கையால் உன்னைச் சவுக்கால் அடிக்க வைக்கிறேன் பார்" என்று அவள் பதில் சபதம் போடுகிறாள். சொன்னபடி அவன் தாலி கட்டிச் சிறை வைக்கிறான். சொன்னபடி அவளும் செய்து காட்டுகிறாள். அடைத்த இடத்திலிருந்து அப்பா வீட்டுக்குச் சுரங்கம் போகிறது. கழைக்கூத்து கற்றுக்கொள்கிறாள். கூத்தாடியாக வேஷம் போட்டுத் தன் புருஷனையே மயக்குகிறாள்.

அல்லியும் வத்சலாவும் கதையின் முக்கியமான இரவில் தூங்கினார்கள். மங்கம்மா இரவெல்லாம் விழித்திருக்கிறாள். மூவரில் இவளுக்கு மட்டும் யாருடைய மாயமும் தேவைப்படவில்லை. கண்ணன் வரவில்லை; கடோத்கசன் வரவில்லை. மண்வெட்டியும் மூளையும் போதுமாயிருந்தன. "புருஷனை ஒரு பெண் ஏமாற்றி மயக்குவதா?" என்று அந்தக் காலத்துப் பெரியவர்களும் ஆட்சேபம் சொல்ல இயலாதபடி, தாலி கட்டினவன் அவனே என்ற கணக்கும் சரியாக இருக்கிறது. அர்ஜுனனுக்குக் கேடயமாக இருந்த அதே தாலியை மங்கம்மா தன் ஆயுதமாக்கிக்கொண்டாள்.

கதை புதிதல்ல. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் தொகுத்த 'கதாசரித் சாகர'த்தில், மூலதேவன் என்ற மகா கெட்டிக்காரனைப் பேச்சில் மடக்கிய ஒரு பெண் இப்படியேதான் சபதம் செய்கிறாள். அங்கே ஒரு வேடிக்கை: அவள் பெற்ற பிள்ளை, தூங்கிக்கொண்டிருக்கும் தகப்பனின் கட்டிலையே அவனுக்குத் தெரியாமல் உருவிவிடுகிறான்! ஒரு தடவையாவது ஆண்பிள்ளை தூங்கிக் கோட்டைவிட்டான் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. ஷேக்ஸ்பியரும் இந்தக் கதையை விடவில்லை. ஹெலனா என்ற பெண்ணை வைத்து நாடகமாக்கியிருக்கிறார்.

ஆனால் 'மங்கம்மா சபத'த்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. அவள் தொடங்கிய சண்டையை மகன் முடித்து வைக்கிறான். சபதத்தின் அமைப்பே அப்படி என்பது உண்மைதான். என்றாலும் பிற்பகுதியில் தகப்பன் ரஞ்சனுக்கும் பிள்ளை ரஞ்சனுக்கும் நடக்கும் சாமர்த்தியப் போட்டிதான் பெரிதாகிறது, மங்கம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவனும் அவளும் நேருக்கு நேர் உட்கார்ந்து, "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் காட்சிக்கு ஏங்குகிறோம். சபதம் ஜயித்தது, காதல் ஜயித்ததா என்று கதைக்குத் தெரியவில்லை.

அப்படி நேருக்கு நேர் நின்று சண்டை போட்ட பெண் இல்லவே இல்லையா? இருக்கிறாள், ஆனால் ராஜா ராணி வேஷத்தில் இல்லை. 'மாயா பஜா'ருக்கு இரண்டு வருஷம் முன்னால், 1955-ல், அதே விஜயா கம்பெனி, அதே சாவித்திரி, அதே ஜெமினி கணேசன்: 'மிஸ்ஸியம்மா'. வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக, சம்பந்தமில்லாத இருவர் கணவன் மனைவி என்று பொய் சொல்லி ஒரு பள்ளிக்கூடத்தில் சேருகிறார்கள். வங்காளி நாடகத்திலிருந்து வந்த கதை. இதில் அவள் போடும் சண்டை முழுக்க அவளுடையது. கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் கவனித்தது இது: இந்த இருவரும் ஒவ்வொரு சண்டையிலும் மற்றவரைப் பற்றிப் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்கிறார்கள். முந்தின சண்டையில் சொன்னது அடுத்த சண்டையில் ஞாபகம் இருக்கிறது. வெறும் வாய்ச் சவடாலுக்கும் காதலாகக் கனியும் சண்டைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஆனால் இங்கேயும் ஒரு சலுகை தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள். அவள் மேரி என்ற கிறிஸ்தவப் பெண்ணாக, உத்தியோகம் பார்க்கிறவளாக இருக்கும் வரையில் சண்டை போடலாம்; காணாமற்போன மகாலக்ஷ்மி அவள்தான் என்று தெரிந்ததும் சண்டை முடிந்துவிடுகிறது. ஒருத்திக்கு அரக்கன் வேண்டியிருந்தது. இன்னொருத்திக்கு வேறு மதம் வேண்டியிருந்தது.

இத்தனை தயக்கம் நமக்கு எங்கிருந்து வந்ததென்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. திருவள்ளுவர் 1330 குறளையும் பாடி முடித்த அதிகாரம் ஊடலுவகை. நூலின் கடைசிக் குறளே பிணக்கின் இன்பத்தைப் பற்றியது. திருவண்ணாமலையில் தை மாதம் சுவாமிக்கும் அம்மனுக்கும் சண்டை. அதற்கென்று திருவூடல் வீதி என்று ஒரு வீதியே இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பங்குனியில், உறையூர் போய்வந்த பெருமாளுக்குத் தாயார் கதவைச் சாத்துகிறாள். திரும்பத் திரும்ப வந்து நிற்கிறார். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்ய வேண்டியிருக்கிறது. மட்டையடி உற்சவம் என்று பெயர். இதைப் பாட்டியும் பேத்தியும் கைகூப்பிக்கொண்டு பார்க்கிறார்கள். தாயார் துடுக்குக்காரி என்று எவரும் சொன்னதில்லை. கதவைச் சாத்தும் உரிமை அவளுக்கு இருப்பதால்தான், கதவு திறக்கும்போது அது அன்பாகிறது.

ஆகையால் குழந்தைகளுக்கோ குடும்பத்துக்கோ ஒரு ராஜா ராணிக் கதையைத் தேர்ந்தெடுக்கும் நேயர்களுக்கு ஒரு யோசனை. ஆபாசம் உண்டா என்று பாருங்கள்; கூடவே இன்னும் இரண்டைப் பாருங்கள். கதையின் முக்கியமான கட்டத்தில் அந்தப் பெண் விழித்திருக்கிறாளா? அவள் சண்டையை அவளே போடுகிறாளா? இந்த இரண்டுக்கும் "ஆம்" என்று பதில் கிடைத்தால், நடுவில் கொஞ்சம் கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டாலும், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டாலும் மோசம் ஒன்றுமில்லை.

அல்லி கதையை இப்படி யாராவது திருப்பி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. பாம்பு வரட்டும். பாம்பாட்டியும் வாசலில் நிற்கட்டும். ஒரே ஒரு மாற்றம்: அல்லி தூங்கவில்லை.

"பாம்பே, உனக்குப் பால் வைக்கவா, பிடாரனைக் கூப்பிடவா?" என்கிறாள்.

"பிடாரனைக் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை; அவன் என் மைத்துனன்" என்கிறது பாம்பு.

"மைத்துனன் துணையில்லாமல் ஒரு பெண்ணோடு பேச வராதா?"

"வில்லோடு வந்தால் போர் என்பாய். வெறுங்கையோடு வந்தால் பிச்சை என்பாய். அதனால்தான் கையே இல்லாமல் வந்தேன்."

அல்லிக்குச் சிரிப்பு வருகிறது, அடக்கிக்கொள்கிறாள். கதவைத் திறந்து, "நாளைக்குப் பகலில், கால்களோடு வாரும். பேசிப் பார்க்கலாம்" என்கிறாள்.

மறுநாள் அவன் வருவான். மறுபடி சண்டை வரும். வாணி மகாலில் இரண்டு மணி நேரம் நடிக்கலாம். பாட்டியும் பேத்தியும் முன்வரிசையில் உட்காரலாம். தாலி எப்போது என்று கேட்காதீர்கள். அதை அல்லி சொல்வாள்.